மொட்டா, கனியா?

பூவைச் சமைத்துண்பது தமிழருக்குப் புதியதன்று. வாழைப்பூ வறையும் முருங்கைப்பூ வறையும் யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் நெடுங்காலமாக இருந்து வருவன. ஆனால், கள்ளியொன்றின் மொட்டும் கறியாகுமென்றால் நேயர்களுட் பலர் வியப்படையக்கூடும். அந்தக் கள்ளி வேறெதுவுமன்று. இன்று இலங்கைச் சந்தைகளிலே செந்நிறத் தோலுடன் விற்கப்படும் டிராகன் பழத்தைத் தருகின்ற கொடிக்கள்ளியே அது.

இதன் தாயகம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவுமாகும். மூன்று பட்டைகளுடைய இதன் தண்டு மரத்தையோ மதிலையோ பற்றி ஏறும். மலர் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் நீளமுடையது. அது விரிந்திருப்பதோ ஓர் இரவு மட்டுமே. அந்தி சாய்ந்தபின் வெண்ணிறமாக மலர்ந்து மணம் பரப்பும். வௌவாலும் அந்துப்பூச்சியும் அதனைத் தேடி வரும். மறுநாட் காலையில் வெயிலேற, வாடித் தொங்கிவிடும்.

கடல் கடந்து வந்த இக்கள்ளியைத் தென்சீனத்துக் குவாங்டொங் மாகாண மக்கள் கனியைக் காட்டிலும் மலருக்காகவே போற்றினர். நெடிதுயரும் தண்டுக்கு ‘வானளக்கும் கோல்’ என்றும், கூரிய மொட்டுக்கு ‘வாள் மலர்’ என்றும் பெயரிட்டனர். அம்மாகாணத்துச் சாவோச்சிங் நகர்ப்புறம் இம்மலருக்குப் பெயர்பெற்றது. அங்கே மலரை நெடுக்காகக் கீறி, நீராவியில் அவித்து, வெயிலில் உலர்த்திச் சேமிப்பர். வேண்டும்போது நீரில் ஊறவைத்து, பன்றியெலும்புடனும் சர்க்கரையிலூறிய இலந்தைப்பழத்துடனும் நெடுநேரம் கொதிக்கவைத்து ரசமாக்குவர். மெல்லிய இனிப்பும், வெண்டிக்காயை நினைவூட்டும் வழுவழுப்பும் அதன் இயல்பு. பச்சை மொட்டை அரிந்து பூண்டுடன் வதக்கி உண்பதும் உண்டு.

கனிக்காகத் தோட்டமிட்ட கமக்காரனுக்கோ இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. மொட்டைக் கொய்தால், மலர்ந்து ஏறக்குறைய 30 நாளில் கிடைக்கவேண்டிய பழம் இல்லாமற் போகும். கொய்யாது விட்டால், ஒரே தண்டில் நெருங்கிய காய்கள் யாவும் சிறுத்துவிடும். ஆகவே வலிய மொட்டுகளை நிறுத்தி, மிகையானவற்றைக் களைவது வழக்கம். அவ்வாறு களைந்தவற்றைக் குப்பையிலிடாது கறிச்சட்டியிலிடலாம். மற்றொரு வழியும் உண்டு. மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்தபின், அடியிலுள்ள சூலகத்துக்கு ஊறு நேராவண்ணம் வாடிய இதழ்ப்பகுதியை மட்டும் அறுத்தெடுக்கலாம். அப்போது பூவும் உணவாகும், கனியும் தப்பும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தமிழிலே கள்ளியென்று வழங்குவன யாவும் ஓரினமல்ல. வேலியோரங்களில் வளரும் சதுரக்கள்ளியும் பட்டைத் தண்டுடையதே. ஆனால் அதைக் கீறினாற் பால் வடியும். அப்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு விளைக்கும். டிராகன் பழக் கள்ளியிலோ பால் இல்லை. இவ்வேறுபாட்டைப் பெரியோர் அறிந்து சிறுவருக்கும் காட்டிக்கொடுத்தல் வேண்டும். நடும்போதே இன்னதென்று தெரிந்த செடியின் மொட்டை மட்டுமே அடுக்களைக்குக் கொண்டுசெல்வது தக்கது.