கோப்புக்கும் வேண்டும் பாயிரம்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் கூடிய அவையில் கணிப்பொறிக் கோப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நம் பழைய இழப்பொன்றே என்னைப் பேசவைக்கிறது.

குறுந்தொகைப் புலவர்களுள் செம்புலப்பெயனீரார் என்றொருவர் உண்டு. அது பெற்றோர் இட்ட பெயரன்று. இயற்பெயர் மறைந்துபோகவே, பாட்டில் வந்த தொடரே அவருக்குப் பெயராயிற்று. பாட்டு நின்றது, பாடியவர் போய்விட்டார்.

இன்று நூல்களைப் பயின்று எழுதும் மொழி மாதிரிகள் கணிப்பொறியில் உருவாகின்றன. பயிற்சி முடிந்ததும் மாதிரியை ஒரு கோப்பாக வெளியெடுக்கிறார்கள். அதனுள் இருப்பவை பெரும்பாலும் கோடிக்கணக்கான எண்களே. அவ்வெண்களைப் பார்த்து, செய்தவர் யார், பயின்றவை எவை, உரிமம் என்ன என்று எவராலும் சொல்ல இயலாது.

நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வகுத்தது. செய்தவர் யார், எதன் வழிவந்தது, எங்கே வழங்குவது, பெயர் என்ன, எவ்வாறு கட்டப்பட்டது, எதைச் சொல்வது, யாருக்குரியது, பயன் யாது என்பன அவை. இவற்றை மாதிரியிடமும் கேளுங்கள், ஒன்றும் வீணாகாது. 'வழி' என்பது அது எந்த மூல மாதிரியிலிருந்து பிறந்தது என்பதாகும். 'எல்லை' என்பது எந்த மொழி, எந்த வழக்கு என்பதாகும்.

இதற்கு இடமில்லாமலில்லை. 2017இல் வெளிவந்த ஓஎன்என்எக்ஸ் வடிவில் விளக்கவுரைக்கும், நாமே சேர்க்கும் குறிப்புகளுக்கும் இடமுண்டு. ஆப்பிளின் கோர் எம்எல் வடிவில் ஆக்கியோர், உரிமம், சுருக்க விளக்கம், பதிப்பு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. நிரப்புவது சில வரி வேலை. எண்களில் ஒன்றும் மாறாது. விளக்கத்தைத் தனிக்கோப்பில் எழுதி அருகே வைத்தால் மட்டும் போதாது. படியெடுப்பவர் அதை விட்டுவிடுவார். சுவடியின் முதல் ஏடு உதிர்ந்த கதைதான்.

ஒன்றை மறைக்கலாகாது. எழுதியது மெய்யா என்று கோப்பு சோதிப்பதில்லை. எழுதுவோரின் நேர்மையே காப்பு. ஆகவே பயனோடு குறையையும் எழுத வேண்டும். 2019இல் மார்கரெட் மிட்செல் முதலானோர் முன்மொழிந்த 'மாதிரி அட்டை'யும், எதற்கு உரியது, எதற்கு உரியதன்று என்ற இரண்டையும் கேட்டது.

நம் வட்டத்துக் கவிதைகளும் ஒருநாள் ஒரு மாதிரிக்குப் பாடமாகலாம். இசைவு கேட்டு வருவோரிடம் நாம் ஒன்றைக் கேட்போம்: "எவருடைய எழுத்தைப் பயின்றது என்று கோப்புக்குள்ளேயே எழுதுவீர்களா?" பாட்டு நிற்கப் பாடியவர் மறைந்தது ஒருமுறை போதும்.