மலை இலவசம், கைவேலைக்குத்தான் விலை



நார்வே என்ற பெயரைக் கேட்டதும் இரண்டு எண்ணங்கள் சேர்ந்தே வரும். ஒன்று, பனி மூடிய மலைகளும் அவற்றின் இடுக்கில் நீண்டு நுழைந்த கடலும். இன்னொன்று, அது நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது என்பது. இரண்டும் உண்மைதான். ஒஸ்லோ நகரத்தில் ஓர் உணவகத்தில் சாதாரணமாகச் சாப்பிட்டு எழுந்தால், பில்லைப் பார்த்ததும் மறுபடி பசி எடுத்துவிடும். ஆனாலும் ஐந்தாறு பேர் சேர்ந்து, கையைக் கடிக்காத செலவில், அந்த மலைகளில் ஒரு வாரம் நடந்துவிட்டு வரலாம். எப்படி என்று இன்று பார்ப்போம்.

அந்த நாட்டில் எதற்கு விலை அதிகம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மனித உழைப்புக்கு. சமைப்பவர், பரிமாறுபவர், வண்டி ஓட்டுபவர், அறையைக் கூட்டுபவர் எல்லோருக்கும் அங்கே நல்ல சம்பளம். அதனால் வேறொருவர் நமக்காகச் செய்யும் எந்த வேலையும் விலையை ஏற்றிவிடும். மலைக்கும் ஏரிக்கும் காட்டுக்கும் கட்டணம் இல்லை. ஆக, நம் வேலையை நாமே செய்துகொண்டால் பாதிச் செலவு அங்கேயே நின்றுவிடும். ஒருவரால் எல்லா வேலையையும் செய்ய முடியாது, ஆறு பேர் பங்கிட்டால் முடியும். கூட்டமாகப் போவதன் முதல் லாபம் இதுதான்.

மலைக்குக் கட்டணம் இல்லை என்பது வெறும் வழக்கமில்லை, சட்டமே அப்படி. நார்வேயில் 1957ஆம் ஆண்டு இயற்றப்பட்ட திறந்தவெளிச் சட்டத்தின்படி, பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அனுமதி கேட்க வேண்டாம். வெளிநாட்டினருக்கும் இந்த உரிமை உண்டு.

உரிமையோடு கடமைகளும் இருக்கின்றன. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளித்தான் கூடாரம் போட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்க வேண்டுமென்றால் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். ஊரைவிட்டு வெகுதூரம் விலகிய மலைப்பகுதியில் மட்டும் இந்த இரண்டு இரவுக் கணக்கு கிடையாது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் திறந்த வெளியில் தீ மூட்டத் தடை உண்டு. போன இடத்தில் நம் குப்பை ஒன்றும் மிஞ்சக் கூடாது.

கூடாரம் நமக்குச் சரிப்படாது என்பவர்களுக்கு மலைக் குடில்கள் இருக்கின்றன. 1868இல் தொடங்கிய நார்வே மலைநடைச் சங்கம், டிஎன்டி என்று சுருக்கமாகச் சொல்வார்கள், நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட குடில்களை நடத்துகிறது. குடிலுக்குக் குடில் போகும் பாதைகளில் கற்குவியல்கள் மேல் சிவப்பு நிறத்தில் ஆங்கில டி எழுத்து தீட்டியிருக்கும். அதைப் பார்த்தபடி நடக்கலாம்.

குடில்களில் மூன்று வகை. முதல் வகையில் பணியாளர்கள் இருப்பார்கள், சூடான சாப்பாடு கிடைக்கும், விலையும் அதற்குத் தக்கபடி. இரண்டாவது வகையில் பெரும்பாலும் ஆளே இருக்கமாட்டார்கள். விறகு, அடுப்பு, பாத்திரம், மெத்தை எல்லாம் இருக்கும். அலமாரியில் டப்பா உணவும் இருக்கும். எடுத்ததைக் குறித்துவைத்துப் பணம் கட்ட வேண்டும். யாரும் சோதிக்கப் போவதில்லை, நம் நேர்மையை நம்பித்தான் அந்த அலமாரி நடக்கிறது. மூன்றாவது வகையும் இதே போலத்தான், ஆனால் உணவு இருக்காது. பின்னிரண்டு வகைக் குடில்களில் பல பூட்டியிருக்கும். சங்கத்தில் உறுப்பினரானால் அவற்றைத் திறக்கும் பொதுச் சாவியை வாங்கிக்கொள்ளலாம், வாடகையும் குறையும். வெளிநாட்டினரும் உறுப்பினராகலாம்.

கிளம்பும் முன் தண்ணீர் எடுத்துவைப்பது, விறகு பிளந்து அடுக்குவது, தரையைத் துடைப்பது எல்லாம் தங்கியவர் பொறுப்பு. இருவர் வந்தால் அலுப்பு, ஆறு பேர் வந்தால் அரைமணி வேலை.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் நம் ஆட்களுக்குக் கை ஓங்கும். ரவை, அவல், அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் பொடி: எடை குறைவு, கெடாது, ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். மலையில் நாள் முழுக்க நடந்தவனுக்கு மாலையில் ஒரு தட்டு சுடச்சுட உப்புமா கிடைத்தால் வேறென்ன வேண்டும்! ஒஸ்லோவின் க்ரோன்லான்ட் பகுதியில் ஆசியக் கடைகள் நிறைய, நம் சாமான்கள் அங்கேயே கிடைக்கும். ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டிக்கு கிவி, ரெமா 1000 போன்ற மலிவுக் கடைகள் உண்டு. ஊரிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து அவற்றை எடுத்துவரத் தடை இருக்கிறது. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். குடிநீர் பாட்டிலுக்கும் செலவு செய்யாதீர்கள், குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும்.

எங்கே போகலாம்? முதல் தடவை போகும் குழுவுக்கு நான் சொல்லும் இடம் யூட்டுன்ஹைமன் மலைப்பகுதி. கோடையில் ஒஸ்லோவிலிருந்து பேருந்திலேயே யென்டெஸ்ஹைம் வரை போய்விடலாம், வாடகைக் கார் தேவையில்லை. அங்கே பெஸ்ஸெக்கன் என்ற புகழ்பெற்ற மலைமுகடு இருக்கிறது. ஒரு பக்கம் கீழே யென்டே ஏரி, பச்சை நிறம். பனியாறு அரைத்த கல்மாவு கலந்து வருவதால் அந்தப் பச்சை. இன்னொரு பக்கம் பெஸ்வாட்னெட் ஏரி, நீல நிறம், யென்டேயைவிடக் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில். இரண்டு நீருக்கும் நடுவே குறுகலான பாறைமுகட்டில் கையூன்றி ஏற வேண்டும்.

காலையில் யென்டே ஏரியில் படகேறி மெமுருபு போய் இறங்கி, அங்கிருந்து திரும்பி நடந்து வருவதுதான் நல்ல ஏற்பாடு. சுமார் 14 கிலோமீட்டர், ஆறிலிருந்து எட்டு மணி நேரம். படகை முதலிலேயே முடித்துவிட்டால், கடைசிப் படகைப் பிடிக்க மலையில் ஓட வேண்டியதில்லை. கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் இருந்தால் இந்த ஒரு விஷயமே அந்த நாளைக் காப்பாற்றும்.

அதே யூட்டுன்ஹைமனில்தான் வட ஐரோப்பாவின் மிக உயரமான சிகரம், 2469 மீட்டர் உயரமுள்ள கால்ஹேப்பிகன் நிற்கிறது. ஏறுவதற்கு இரண்டு பிரபலமான வழிகள். யூவாஸ்ஹிட்டாவிலிருந்து போனால் ஏற்றம் குறைவு, ஆனால் நடுவில் பனியாற்றைக் கடக்க வேண்டும். பனியாற்றில் பிளவுகள் இருக்கும், மேலே பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கயிற்றில் கோத்துக்கொண்டு வழிகாட்டியோடுதான் போக வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. ஸ்பீட்டர்ஸ்டூலன் பக்கத்திலிருந்து போனால் பனியாற்றைக் கடக்க வேண்டாம், வழிகாட்டி செலவும் இல்லை. ஆனால் ஏறக்குறைய 1400 மீட்டர் ஏற வேண்டும். ஒன்றில் பணம் கொடுக்கிறோம், மற்றதில் காலைக் கொடுக்கிறோம். காசை மிச்சம் பிடிக்க வழிகாட்டி இல்லாமல் பனியாற்றில் கால் வைப்பது மட்டும் ஒருக்காலும் கூடாது.

எதில் சிக்கனம் பிடிக்கக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். நடந்து பழகிய நல்ல காலணி. காற்றும் மழையும் புகாத மேலுறை. உள்ளே கம்பளி உடை. பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஜூலை மாதத்திலும் உயரமான இடத்தில் பனி கொட்டலாம். கைபேசி மின்சாரம் தீர்ந்தாலும் கைகொடுக்க ஒரு காகித வரைபடம். பிறகு காப்பீடு. நார்வேயில் மலையில் சிக்கியவரைத் தேடி மீட்பதற்குக் கட்டணம் கேட்பதில்லை. செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள் போன்றவர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து வருகிறார்கள். ஆனால் மருத்துவமனைச் செலவு வேறு. மலைநடைக்கு உங்கள் காப்பீடு பொருந்துமா என்று வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

இனி, கூட்டத்தைப் பற்றி. மலையில் குழுக்கள் பிரிவது பெரும்பாலும் மழையால் அல்ல, பேசாமல் விட்ட விஷயங்களால். இரண்டு விதிகளைக் கிளம்புமுன்பே ஒத்துக்கொண்டால் போதும். நடையின் வேகத்தை, கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் தீர்மானிக்கட்டும். செலவின் உச்சவரம்பை, கையில் குறைவாக வைத்திருப்பவர் தீர்மானிக்கட்டும். அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அதனால் ஆளுக்கு எவ்வளவு முடியும் என்று தனித்தனியே சீட்டில் எழுதி வாங்குங்கள், மிகக் குறைந்த தொகையை வைத்துத் திட்டம் போடுங்கள். எல்லோரும் சமமாகப் போட்ட பொதுப்பணம் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். சாப்பாடு, குடில், பேருந்து அதிலிருந்து. சொந்த ஆசைகள் சொந்தப் பணத்திலிருந்து.

இன்னொன்று, திரும்பும் நேரம். நார்வேக்காரர்கள் மலைக்கென்று ஒன்பது விதிகள் வைத்திருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1967 ஈஸ்டர் விடுமுறையில் 18 பேர் மலையில் இறந்தபோது அந்த விதிகளை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். அவற்றில் எல்லோர் வாயிலும் இருப்பது, திரும்பி வருவதில் வெட்கம் இல்லை என்ற விதி. தனியாகப் போகிறவருக்கு அது சுலபம். கூட்டத்தில் யார் முதலில் சொல்வது என்று தயங்குவார்கள். அதனால் இத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிடுவோம் என்று காலையிலேயே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரம் சொல்லும்போது யார் மீதும் பழி விழாது.

கடைசியாக, நாள் கணக்கு. உயரமான பாதைகளில் பனி விலக ஜூலை ஆகிவிடும். செப்டம்பர் நடுவில் பல குடில்களில் பணியாளர்கள் கிளம்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியிருக்கும் ஆகஸ்ட் இறுதி, நம் போன்றவர்களுக்கு ஏற்ற காலம். கூட்டம் குறைவு, கொசுவும் குறைவு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். ரயில் சீட்டும் விமானச் சீட்டும் முன்கூட்டி எடுத்தால்தான் மலிவு.

எனவே ஆகஸ்டில் நடக்க நினைப்பவர்கள் பிப்ரவரியில் விண்ணப்பப் படிவத்தோடு தயாராக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் ஒரு வீட்டில் கூடி, செலவுச் சீட்டை எழுதி, வேலையைப் பங்கிட்டு, முதுகில் பத்துக் கிலோ பையோடு பக்கத்தில் இருக்கும் ஒரு மலையில் ஏறி இறங்கிப் பாருங்கள். மாலையில் வீடு திரும்பும்போது யார் யார் வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.