அதிபர் இல்லாத வாரம்

ஒரு பாடசாலையின் அதிபர் நோயுற்று ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வராத ஆசிரியர் ஒருவரின் வகுப்பிற்கு மற்றொருவர் தாமாகவே செல்கின்றாரா? பெற்றோர் ஒருவர் முறைப்பாட்டோடு வந்தால், அவரை இருத்திக் கேட்டு விடைகூற யாரேனும் உளரா? அன்றி, எல்லாக் காரியங்களும் ‘அதிபர் வரட்டும்’ என்னும் இரண்டு சொற்களிலே நின்றுவிடுகின்றனவா? ஆசிரியர் குழாம் ஒன்றின் நலத்தை அறிவதற்கு இதனினும் சிறந்த நாடிப் பரிசோதனை இல்லை.

இச்சோதனைக்கு உள்ளாகித் தேறிய குழுவொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் இருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு இங்கு வந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மாணவர் வகுப்பையும் தொடங்கினார். நோயாளரோ பலர், வைத்தியரோ ஒருவர். தாம் ஒருவராகவே ஓடியாடி உழைத்துப் பெயர் பெறுதல் ஒரு வழி. தம்மைப் போன்ற பலரை உருவாக்குதல் மற்றொரு வழி. கிறீன் இரண்டாவது வழியையே மேற்கொண்டார். அவரிடம் கற்றுத் தேறிய தமிழ் வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

தொடக்கத்தில் வகுப்புக்கள் ஆங்கிலத்தில் நடைபெற்றன. கற்றவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடி வேற்றூர்களுக்குச் சென்றனர். கிராமங்கள் வைத்தியரின்றி நின்றன. இந்நிலையில் மாணவரின் நன்றியின்மையை நொந்துகொள்ளும் தலைவர் பலர். கிறீனோ ஆட்களைக் குறைகூறாது அமைப்பையே மாற்றினார். 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவம் தமிழிலே கற்பிக்கப்பட்டது. மக்கள் பேசும் மொழியிற் கற்றவர் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கருத்து. ஊழியர் நிலைத்து நில்லாத இடத்தில் முதலில் ஆராயவேண்டியது ஊழியரின் குணத்தையன்று, அவர்களை நிறுத்தக்கூடிய சூழல் உண்டா என்பதையே.

தமிழிற் கற்பிக்க நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். இங்கேதான் குழுவின் பெருமை விளங்குகின்றது. முன்னைத் தமிழ் நூல்களில் தக்க சொல் உண்டா என்று முதலில் தேடினர். கிடையாதவிடத்து வடமொழியை நாடினர். அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைத்தனர். விதி ஒன்று தெளிவாக வகுக்கப்பட்டபின், அதனைக் கையாளும் பொறுப்பு பலரிடையே பகிரப்பட்டது. டான்போர்த், சாப்மன், வில்லியம் போல் முதலிய தமிழர் அப்பணியிற் பங்குகொண்டனர். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறின. ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அதனை அடியாகக் கொண்ட தமிழ் நூல் யாழ்ப்பாண மாணவரின் கையில் இருந்தது.

அந்த ‘மனுஷ அங்காதிபாத’த்தைத் தமிழாக்கியவர் சாப்மன், அதனைப் பார்த்துத் திருத்தியவர் கிறீன். மாணவன் எழுத, ஆசிரியர் பிழை திருத்தும் பணியோடு அமைந்தார். பணியைப் பகிர்ந்தளித்துவிட்டுப் பெயரைமட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளும் தலைவரிடத்து எக்குழுவும் நெடுநாள் ஊக்கத்தோடு உழைப்பதில்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். 1857 முதல் 1862 வரை கிறீன் தாய்நாட்டில் இருந்தார். அக்காலத்தும் அவரிடம் பயின்றவர்கள் ஊர்களிலே வைத்தியம் செய்துவந்தனர். 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு முற்றாக நீங்கினார். அப்பொழுதும் நூற்பணி நின்றுபோகவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கடல் கடந்து சென்று திரும்பின. ‘மனுஷ சுகரணம்’ வெளிவந்தது 1883இல். மறுவருடம் கிறீன் காலமானார். தமிழ்வழி வகுப்புக்கள் பின்னர் நிலைக்கவில்லையென்பது உண்மை. ஆயினும் தலைவர் ஒருவர் நீங்கியபின் பத்தாண்டுகாலம் குழுவின் கை ஓயாதிருந்தமை சிறிய காரியமன்று.

நம் பாடசாலைகளுக்கு இதிலே பாடம் உண்டு. ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்று வருவதும் போவதும் வழக்கம். ஆகவே, நேரசூசி வகுக்கும் முறையை ஒருவர்மட்டும் அறிந்திருத்தல் ஆகாது. இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் கூட்டத்திலே அதிபர் இறுதியாகப் பேசுவாராயின், புதிதாக வந்த இளைய ஆசிரியருக்கும் வாய் திறக்கத் துணிவு பிறக்கும். விளையாட்டுப் போட்டியின் வெற்றியை விழா மேடையிற் கூறும்பொழுது, வெயிலில் நின்று பயிற்றியவரின் பெயர் முதலில் வரவேண்டும். குறையைக் கூறுவதாயின் அது அதிபர் அறையின் கதவுக்குள்ளே அமையவேண்டும்.

இவற்றுட் பணச்செலவு உடையது ஒன்றுமில்லை. எனினும் செய்தற்கு அரியன. ஏனெனில், தாம் இல்லாமலும் காரியம் நடைபெறும் என்பதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் தலைவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டுவரும் அதிபர், தம் மேசைமேற் கடிதங்கள் குவிந்திராமையைக் கண்டு வருந்துவாராயின் அவர் இன்னும் கற்கவேண்டியவர். மகிழ்வாராயின் அப்பாடசாலை நல்ல கைகளில் இருக்கின்றது.