விதையும் மண்ணும்: நீர்க்களியில் புற்றுக்கட்டியை ஆராய்தல்



புற்றுநோய் என்றவுடன் கட்டுக்கடங்காது பெருகும் உயிரணுக்களையே நாம் எண்ணுகிறோம். அவை எத்தகைய இடத்தில் அமர்ந்து பெருகுகின்றன என்று கேட்பது அரிது. இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889ஆம் ஆண்டிலேயே அக்கேள்வியை எழுப்பினார். மார்பகப் புற்று உடலெங்கும் ஒரே சீராகப் பரவாமல் சில உறுப்புகளையே நாடுவதைக் கண்ட அவர், விதை மட்டுமன்று, அது விழும் மண்ணும் முளைப்பை முடிவு செய்கிறது என்றார். அந்த மண்ணை ஆய்வகத்தில் நாமே உருவாக்கிப் பார்ப்பதற்குரிய கருவியே இன்றைய உரைப்பொருள்.

அக்கருவியின் பெயர் ஹைட்ரோஜெல். இவ்வுரையில் அதனை நீர்க்களி என வழங்குவோம். நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, அவ்வலைக்குள் தம் எடையினும் பன்மடங்கு நீரைத் தேக்கிக்கொள்வதே நீர்க்களி. நம் நாட்டு விருந்துகளில் பரிமாறப்படும் அகார் அகார் அத்தகையதே. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் இப்பொருளின் மலாய்ப் பெயரே உலக ஆய்வகங்களிலும் நிலைத்துவிட்டது. ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் துணைவியார் ஃபேனி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அயலாரிடம் இதனை அறிந்திருந்தார். 1881இல் நுண்ணுயிர் வளர்க்க இதனைப் பரிந்துரைத்தவர் அவரே. பின்னர் 1964இல் மெக்ஃபர்சன், மொன்டாக்னியே இருவரும் இதே பொருளைப் புற்றாய்வுக்குக் கொண்டுவந்தனர். பற்றிக்கொள்ளப் பிடியில்லாத மென்மையான அகாரில் இயல்பான உயிரணுக்கள் பெருகுவதில்லை. புற்றுத்தன்மை அடைந்தவையோ பெருகித் திரள்கின்றன.

ஆயினும், பெரும்பாலான ஆய்வுகள் நெகிழித் தட்டின் மீதே நடந்துவந்தன. அத்தட்டின் விறைப்பு ஏறத்தாழ 300 கோடி பாஸ்கல். எலியின் இயல்பான மார்பகத் திசுவின் விறைப்போ ஏறத்தாழ 170 பாஸ்கல். கட்டி தோன்றியபின் அது 4,000 பாஸ்கலை எட்டுகிறது. வலெரி வீவர் குழுவினர் 2005இல் வெளியிட்ட அளவுகள் இவை. மென்மையான நீர்க்களியில் வட்டமாக அணிவகுத்து, நடுவே வெற்றிடம் விட்டு ஒழுங்காக நின்ற மார்பக உயிரணுக்கள், களியின் விறைப்பைக் கூட்டியபோது ஒழுங்கிழந்து பெருகத் தொடங்கின என்பதையும் அவர்கள் காட்டினர். பாறைபோன்ற தட்டில் வளர்த்த உயிரணுவைக் கொண்டு மருந்தைச் சோதித்தால், உடலுக்குள் அது என்ன செய்யும் என்பதை எங்ஙனம் நம்புவது?

களிகளிலும் குறையுண்டு. நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மேட்ரிஜெல், எலியின் கட்டி ஒன்றிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது. தயாரிப்புக்குத் தயாரிப்பு அதன் கலவை மாறுபடும். ஆதலின் அறிவியலாளர் களியைத் தாமே திட்டமிட்டுச் செய்யலாயினர். பாலியெத்திலீன் கிளைக்கால் போன்ற செயற்கைச் சங்கிலிகளை எடுத்து, உயிரணு பற்றிக்கொள்ளும் பிடிகளை அளவோடு பொருத்துகின்றனர். பிணைப்புகளைக் கூட்டியும் குறைத்தும் விறைப்பை மாற்றுகின்றனர். உயிரணு தன் நொதியால் அறுத்து வழி அமைத்துக்கொள்ளத்தக்க பிணைப்புகளை லுட்டால்ஃப், ஹப்பல் முதலானோர் 2003இல் உருவாக்கிக் காட்டினர். தமிழ்ப்பள்ளி அறிவியல் வகுப்பில் நாம் கற்பிக்கும் தற்சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்னும் பாடமே இங்கு உயிர்பெறுகிறது. விறைப்பை மட்டும் மாற்றி ஏனையவற்றை நிறுத்திவைத்தால், கட்டியின் வளர்ச்சியில் விறைப்பின் பங்கு எவ்வளவு என்பது தெளிவாகும்.

இது தொலைவில் உள்ளோரின் செய்தியன்று. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, ஏனைய இனத்தாரினும் மிகுதியாக உள்ளதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகிறது. வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கம் இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. பாக்கு மெல்வோர் சிலருக்கு வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசு தடித்து இறுகி, வாயைத் திறப்பதே அரிதாகிறது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பார் இதனைக் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் கண்டு எழுதினார். இந்நிலை பின்னர்ப் புற்றாக மாறக்கூடும்.

இறுகுதல் என்னும் சொல்லைக் கவனியுங்கள். பாக்கிலுள்ள அரிக்கோலின் கொலாஜன் நார்களைப் பெருக்குகிறது. அதிலுள்ள செம்பு, நார்களைக் குறுக்கே பிணைக்கும் நொதிக்குத் துணைசெய்கிறது. அந்நொதியைத் தடுத்தபோது எலிகளில் மார்பகப் புற்றின் வளர்ச்சி தணிந்ததை 2009இல் வீவர் குழுவினரே வெளியிட்டனர். வாயில் நிகழ்வதும் அவ்வாறேயா என்று சோதிக்க, விறைப்பை விரும்பியவாறு அமைக்கத்தக்க நீர்க்களி பொருத்தமான களமாகும். விதையோ நம்மிடமே உள்ளது. இன்று கேன்சர் ரிசர்ச் மலேசியா எனப்படும் சுபாங் ஜெயா ஆய்வு அமைப்பின் அறிவியலாளர்கள், மலேசிய நோயாளரின் வாய்ப்புற்றிலிருந்து ஓஆர்எல்-48 முதலிய உயிரணு வரிசைகளை வளர்த்து 2007இல் வெளியிட்டனர்.

நீர்க்களி முழு உடலாகிவிடாது. அதில் இரத்த ஓட்டம் இல்லை. நோய் எதிர்ப்பு அணுக்களைத் தனியே சேர்த்தாலன்றி அவையும் இல்லை. ஆகவே அது தரும் விடை, மருத்துவமனைச் சோதனைக்கு முந்திய படியே.

ஆசிரியப் பெருமக்களே, பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தாம்பூலத்தட்டு மங்கல அடையாளமாகவே நீடிக்கட்டும். நாள்தோறும் பாக்கை மெல்லும் பழக்கம் நீங்கட்டும். வாய்ப்புண் இரண்டு வாரம் ஆறாதிருந்தால், வாய் திறப்பது குறைந்தால், மருத்துவரை நாடவேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டியிடம் தமிழில் எடுத்துரைக்கட்டும். மாணவச் செல்வங்களே, அகார் அகாரை அறிந்த உங்களுக்கு நீர்க்களி அயலானதன்று. நம் மக்களின் நோயை நம் மக்களின் உயிரணுக்களைக் கொண்டு ஆராயும் பணி காத்திருக்கிறது. உங்களுள் சிலர் அதனை ஏற்க வேண்டும்.