உடைக்கத் தயாரா? அப்போ பறக்க விடலாம்!

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடில் பேச்சுவாக்கில், "வார இறுதியில் ரிமோட் கிளைடர் விடுவேன்"னு சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான். "மோட்டார் இல்லாத பிளேன்தானே, அதுல என்ன ஆபத்து? மொட்டை மாடியில இருந்தே விடலாமா?"

சுருக்கமான பதில்: மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். நீளமான பதில்தான் இன்னைக்கு எபிசோடு. ஒரு கிளைடரை எப்படிக் கட்டுறது, எப்படி விடுறது, எந்த நாள்ல விடாமலே வீட்டுக்குத் திரும்புறது, மூணையும் பார்த்திடலாம்.

மோட்டார் இல்லாம எப்படிப் பறக்குது?

மேம்பாலத்து இறக்கத்தில் பெடல் போடாம சைக்கிள் போகும் இல்லையா, அதே கணக்குதான். கிளைடர் தன்னோட உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா செலவு பண்ணி வேகத்தை வாங்கிக்குது. நல்லாக் கட்டின ஒரு சாதாரண மாடல், ஒரு மீட்டர் இறங்குறதுக்குள்ள பத்து மீட்டர் முன்னாடி போகும்னு வைங்க. 30 மீட்டர் உயரத்தில் இருந்தா, காத்து இல்லாத நேரத்தில் 300 மீட்டர் தூரம் கையில் இருக்கு.

அப்போ மேலே எப்படி ஏறும்? காத்தே ஏறணும். வெயிலில் சூடான தரைக்கு மேல இருக்கிற காத்து லேசாகி மேலே கிளம்பும். இதுக்கு தெர்மல்னு பேரு. காலையில் பத்து பதினோரு மணிக்கு மேல பருந்து இறக்கையே அடிக்காம வட்டம் போடுறதைப் பார்த்திருப்பீங்க. அது நிக்கிறது அந்தச் சூடான காத்து மேலதான். கிளைடர் இறங்குற வேகத்தைவிட காத்து ஏறுற வேகம் அதிகமா இருந்தா, நம்ம மாடலும் பருந்தோட சேர்ந்து ஏறும். அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை பேர் வெயிலில் கழுத்து வலிக்க நிக்கிறோம்.

சரி, ஆபத்துக்கு வருவோம். ஒன்றரை மீட்டர் இறக்கை, 600 கிராம் எடை, நொடிக்கு 8 மீட்டர் வேகம். இது ரொம்பச் சாதுவான மாடல். இதில் இருக்கிற ஆற்றல் சுமார் 19 ஜூல். அதாவது, இரண்டு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுற மாதிரி. இதே மாடல் மூக்கு கீழே குத்தி, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தா 120 ஜூல். அதே இரண்டு கிலோவை ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து, போடுறதுக்குச் சமம். வேகம் இரண்டரை மடங்குதான் கூடுது, அடி ஆறு மடங்கு கூடுது. அந்த மூக்குக்குள்ளதான் பேட்டரியும் ஈயக்குண்டும் இருக்கும்.

மோட்டார் இல்லைன்னா வேகம் வராதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 2021 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஸ்பென்சர் லிசன்பி தன்னோட ரிமோட் கிளைடரை மணிக்கு 548 மைல் வேகத்தில் பறக்க விட்டார். கிட்டத்தட்ட 882 கிலோமீட்டர். ஒரு பயணிகள் ஜெட் விமானத்தோட வேகம். மோட்டார் கிடையாது. மலை முகட்டுக்கு மேல அடிக்கிற வேகமான காத்துக்கும், மறுபக்கம் இருக்கிற அமைதியான காத்துக்கும் நடுவில் சுத்திச் சுத்தி எடுத்த வேகம் அது. நம்ம ஃபோம் மாடல் அந்த ரகம் இல்லை. ஆனா "மோட்டார் இல்லை, அதனால பொம்மை"ங்கிற வாதம் இங்கேயே முடிஞ்சுபோச்சு.

எதில் கட்டுறது?

பால்சா மரத்தில் கட்டின கிளைடர் அழகு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா முதல் மாடலை ஃபோம் போர்டில் கட்டுங்கன்னுதான் சொல்வேன். விலை குறைவுங்கிறது ஒரு காரணம். பெரிய காரணம் வேற, அதைக் கடைசியில் சொல்றேன்.

இறக்கை ஒன்றரை மீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம். நடுவில் நீளவாக்கில் ஒரு கார்பன் குழாயோ, நல்ல காய்ஞ்ச மூங்கில் குச்சியோ கட்டாயம். ஃபோம் வளையும், முறுக்கும். வளையாம தாங்குறது அந்தக் குச்சிதான். இரண்டு இறக்கை நுனியும் நடுப்பகுதியைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் உயர்ந்து, லேசா 'வி' மாதிரி இருக்கணும். இதுக்கு டைஹெட்ரல்னு பேரு. மாடல் ஒரு பக்கம் சாய்ஞ்சா, தானே நிமிர இது உதவும். இது இருந்தா வாலில் இரண்டே அசைவு போதும். மூக்கை மேலே கீழே ஆட்ட எலிவேட்டர், இடம் வலம் திருப்ப ரடர். இரண்டு சின்ன செர்வோ, ஒரு ரிசீவர், ஒரு பேட்டரி. அவ்வளவுதான் எலக்ட்ரானிக்ஸ்.

ஒட்டி முடிச்சதும் மாடலை மூக்குக்கு நேரா நின்னு பாருங்க. ஒரு இறக்கை முறுக்கியிருந்தா அது ஒரு பக்கமாவே இழுத்துக்கிட்டுப் போகும். ரிமோட்டில் சரி பண்ணிக்கலாம்னு விடாதீங்க. முறுக்கை எடுத்துட்டுத்தான் அடுத்த வேலை.

ஒரே ஒரு அளவை மறக்காதீங்க

இந்த எபிசோடில் ஒண்ணே ஒண்ணு எழுதி வைக்கணும்னா இதை எழுதுங்க: ஈர்ப்பு மையம். இறக்கையோட முன் விளிம்பிலிருந்து, அகலத்தில் மூணில் ஒரு பங்கு. நம்ம 18 சென்டிமீட்டர் இறக்கைக்கு 6 சென்டிமீட்டர். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்கினா, மாடல் மட்டமா நிக்கணும். லேசா மூக்கு தாழ்ந்தா பரவாயில்லை. வால் தாழ்ந்தா, மூக்கில் ஈயக்குண்டு போடுங்க. தூண்டில் கடையில் கிடைக்கும்.

"கஷ்டப்பட்டு எடையைக் குறைச்சிருக்கேன், திரும்ப ஈயம் போடணுமா?"ன்னு மனசு கேட்கும். போடணும். மூக்கு கனமான மாடல் சுமாராப் பறக்கும். வால் கனமான மாடல் ஒரே ஒரு தடவைதான் பறக்கும்.

காசு செலவில்லாத ஐந்து நிமிஷம்

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். எங்க வேலையில் ஏதாவது சொதப்பினா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். கிளைடரில் கையை விட்டு வெளியே போனதுக்கு அப்புறம் அந்த வசதி கிடையாது. மோட்டார் இருந்தாலாவது, தப்பா இறங்கும்போது வேகம் கூட்டி இன்னொரு சுத்து வரலாம். கிளைடருக்கு இறங்குறதுக்கு ஒரே வாய்ப்புதான். அதனால எல்லாச் சோதனையும் தரையிலேயே முடியணும்.

முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணுங்க, அப்புறம் ரிசீவர். அணைக்கும்போது தலைகீழ்: ரிசீவர் முதலில். டிரான்ஸ்மிட்டரில் பல மாடல் சேமிச்சிருந்தா, சரியான மாடல்தான் ஓடுதான்னு பாருங்க.

அடுத்து திசை. மாடலுக்குப் பின்னாடி நின்னு குச்சியை வலது பக்கம் தள்ளினா, ரடர் வலது பக்கம் திரும்பணும். குச்சியை உங்க பக்கம் இழுத்தா, எலிவேட்டர் மேலே தூக்கணும். "ஏதோ அசையுது" என்பது சோதனை இல்லை. எந்தப் பக்கம் அசையுதுன்னு பார்க்கிறதுதான் சோதனை.

அப்புறம் தூரம். டிரான்ஸ்மிட்டரில் தூரச் சோதனைக்குன்னு குறைந்த சக்தி முறை இருக்கும். அதில் வைத்து சுமார் முப்பது அடி எடுத்து வைத்து நடந்து போங்க. அங்கிருந்தும் செர்வோ திக்காம ஆடணும்.

கடைசியா ஃபெயில்சேஃப். சிக்னல் போயிட்டா ரிசீவர் என்ன செய்யணும்னு முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. ரடர் லேசா ஒரு பக்கம், எலிவேட்டர் கொஞ்சூண்டு மேலேன்னு வைத்தா, மாடல் பெரிய வட்டம் போட்டபடி அந்த மைதானத்துக்குள்ளேயே இறங்கப் பார்க்கும். வைக்காம விட்டா, அது நேரா ரோட்டுப் பக்கம் கூடப் போகலாம். தரையில் மாடலைப் பிடிச்சுக்கிட்டே டிரான்ஸ்மிட்டரை அணைச்சுப் பாருங்க. ரடர் திரும்புதா? அப்போ சரி.

எங்கே, எப்போ?

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் வானத்தை மூணு நிறமாப் பிரிக்குது. சிவப்பில் மத்திய அரசோட அனுமதி வேணும். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டோட அனுமதி வேணும். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைக்கும் அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையான பகுதியில் பச்சைங்கிறது 200 அடி வரைக்கும்தான். உங்க மைதானம் எந்த நிறம்னு டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடம் இருக்கு. "என்னோடதில் மோட்டாரே இல்லையே, எனக்கு எதுக்கு இது?"ன்னு வாதாடாதீங்க. தாழ்வாப் பறக்கிற ஹெலிகாப்டர் பைலட்டுக்கு இரண்டும் ஒண்ணுதான். நான் அந்த வரைபடத்தைத்தான் என் வேலியா எடுத்துக்கிறேன்.

மொட்டை மாடி ஏன் வேண்டாம்? கீழே தெரு, சுத்தி ஈபி லைன், இறங்க இடமே இல்லை. நம்ம ஊரில் பட்டத்தைப் பார்த்துக்கிட்டே பின்னாடி நடந்து மாடியிலிருந்து விழுந்தவங்க கதை நிறைய கேட்டிருப்போம். கிளைடரையும் அண்ணாந்து பார்த்துத்தான் விடணும். மாடல் லைனில் மாட்டிக்கிட்டா அது போச்சுன்னு வைங்க. தொரட்டியைத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க, மின்வாரியத்துக்குப் போன் பண்ணுங்க.

காத்து விஷயம் சொல்லவே வேண்டாம். ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும். 600 கிராம் ஃபோம் எம்மாத்திரம்? நம்ம மாடல் நொடிக்கு சுமார் 6 மீட்டர் வேகத்துக்குக் கீழே போனா காத்தில் நிக்காது. எதிர்க்காத்து அதே அளவுக்கு அடிச்சா, மாடல் முன்னாடியே நகராது. மரத்தில் சின்னக் கிளைகள் விடாம ஆடுதுன்னா, பையைத் திறக்காமலே டீ குடிச்சுட்டுக் கிளம்பிடுங்க.

கையை விட்டுப் போன பிறகு

எதிர்க்காத்தில், மட்டமா, ஈட்டி மாதிரி எறியுங்க. மேல்நோக்கி எறியாதீங்க. முதல் சில தடவை தோள் உயரத்திலிருந்து புல்தரையில்தான்.

புதுசா விடுறவங்க எல்லாருக்கும் வர்ற அனிச்சைச் செயல் ஒண்ணு இருக்கு. மாடல் இறங்கினா எலிவேட்டரை இழுக்கிறது. இழுத்தா மூக்கு தூக்கும், வேகம் குறையும், ஒரு கட்டத்தில் இறக்கை காத்தை விட்டுடும். அதுதான் ஸ்டால். ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் சுமார் இரண்டாயிரம் தடவை தானே கிளைடரில் தொங்கிப் பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்னைக்கு அவரோட கிளைடர் ஸ்டால் ஆகி, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்துபோனார். அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கே அந்த உயரத்தில் நேரம் பத்தலை. அதனால சந்தேகம் வந்தா குச்சியை விட்டுடுங்க, மூக்கு தாழட்டும், வேகம் வரட்டும்.

மாடல் உங்களைப் பார்த்து வரும்போது இடம் வலம் குழம்பும். அதுக்கு ஒரு எளிய வழி: எந்த இறக்கை தாழ்ந்திருக்கோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்க. தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க.

தெர்மல் கிடைச்சா இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காத்து ஏறிக்கிட்டே, அடிக்கிற காத்தோட சேர்ந்து நகரும். சந்தோஷத்தில் பின்னாடியே போனா, திரும்பி வர உயரம் பத்தாது. மாடலோட இறக்கை எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போகவே விடாதீங்க.

ஏன் ஃபோம் போர்டு?

இப்போ அந்தப் பெரிய காரணம். சில மாசத்துக்கு முன்னாடி, சென்னைக்கு வெளியே ஒரு காய்ஞ்ச மைதானம். மாடல் இறங்க வந்துக்கிட்டிருக்கு, பதினைந்து மீட்டர் உயரம். ஒரு சின்னப் பையன் "பிளேன்! பிளேன்!"னு கத்திக்கிட்டு நேரா அது இறங்குற பாதைக்குள்ள ஓடி வர்றான். அவன் தப்பு இல்லை. அந்த வயசில் நானும் ஓடியிருப்பேன். அவனைத் தாண்டிக் கொண்டுபோய் அழகா இறக்கிடலாம்னு ஒரு கணக்கு மனசில் ஓடும். அந்தக் கணக்கைப் போடவே கூடாது. பக்கத்தில் முள்ளுப் புதர். மூக்கை அதுக்குள்ள விட்டேன். இறக்கை இரண்டா உடைஞ்சது. பையன் முகம் வாடிப்போச்சு, "அண்ணா, உடைஞ்சிருச்சா?"ன்னு கேட்டான். "ஒட்டிக்கலாம் தம்பி"ன்னேன். ராத்திரி ஹாட் க்ளூ போட்டு ஒட்டியாச்சு.

ஒரு நொடியில் அந்த முடிவு வந்ததுக்குக் காரணம், முடிவை வீட்டிலேயே எடுத்திருந்ததுதான். ஒவ்வொரு தடவை எறியுறதுக்கு முன்னாடியும் புதர் எந்தப் பக்கம்னு பார்த்து வைப்பேன். மூணு மாசம் இழைச்சு இழைச்சுக் கட்டின பால்சா மாடலா இருந்தா, கை அரை நொடி தயங்கும். அந்த அரை நொடியில் அது நாலு மீட்டர் போயிருக்கும். முதல் மாடல் ஃபோமில் இருக்கட்டும்னு நான் சொல்றது இதுக்காகத்தான். உடைக்க மனசு வர்ற மாதிரி கட்டுங்க. பால்சாவுக்கு அப்புறம் வரலாம், அதையும் உடைக்கத் தயாரா இருந்தா.

உங்களோட ஒரு நண்பரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. உங்க கண்ணு வானத்தில் இருக்கும், அவர் கண்ணு தரையில் இருக்கட்டும். "ஆள் வர்றாங்க"ன்னு ஒரு சத்தம் போதும்.

அவ்வளவுதான் மக்களே. கட்டினவங்க போட்டோ அனுப்புங்க, உடைச்சவங்களும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.