வெடித்த தோட்டாவின் மறுபிறப்பு

துப்பாக்கி வெடித்தபின் எஞ்சுவது யாது? குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, அதைப் பற்றவைத்த கேப்பு நசுங்கிவிடுகிறது. பித்தளைக் கூடு ஒன்றே மிஞ்சுகிறது. தோட்டாவின் உறுப்புகள் இந்நான்கே. அவற்றுள் செய்வதற்கு அரியதும் விலை மிகுந்ததும் அந்தக் கூடுதான்.

நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இப்பித்தளைக்குச் சிறந்த குணம் ஒன்று உண்டு. வெடிப்பின் அழுத்தத்தால் அது விரிந்து, குழலின் பின்புறத்தில் ஆவி கசியாதவாறு அடைத்துக்கொள்ளும். அழுத்தம் நீங்கியதும் சற்றே சுருங்கி விடுபடும். எனவே, நல்ல கூடு ஒரே வெடிப்பில் வீணாவதில்லை.

1870-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டெருமை வேட்டையாடியோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கடைகளோ நெடுந்தொலைவில் இருந்தன. ஆகவே அவர்கள் ஈயக்கட்டியையும் மருந்தையும் உடன் கொண்டுசென்று, கூடாரத்திலேயே குண்டு வார்த்து, வெற்றுக் கூடுகளை நிரப்பிக்கொண்டனர். அவ்வேட்டை அவ்விலங்கினத்தை ஏறக்குறையக் கருவறுத்துவிட்டது என்பது வருந்தத்தக்க வரலாறு.

இக்கைத்தொழிலுக்குத் துணைநின்றது ஒரு சிறு துளை. 1866-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயரான பாக்ஸர், அமெரிக்கரான பெர்டான் ஆகிய இருவரும் தனித்தனியே கேப்பு அமைப்புகளை வகுத்தனர். பாக்ஸர் முறைக் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. மெல்லிய ஊசியொன்றைச் செலுத்தினால் பழைய கேப்பு வெளிவந்துவிடும். பெர்டான் முறையிலோ துளைகள் நடுவை விட்டு விலகியிருப்பதால் அது எளிதன்று. விந்தை என்னவெனில், ஆங்கிலேயர் கண்ட முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பாவிலும் வேரூன்றின!

1884-இல் ஜான் பார்லோ என்பவர் அமெரிக்காவில் ஐடியல் என்னும் தொழிலகத்தைத் தொடங்கினார். பாக்குவெட்டியைப் போல இரு கைப்பிடிகளை உடைய அதன் கருவி, பழைய கேப்பைத் தள்ளவும், புதியதைப் பதிக்கவும், குண்டை இருத்தவும் உதவியது. 1958-இல் ரிச்சர்டு லீ என்பவர் சுத்தியால் தட்டியே இவ்வேலைகளை முடிக்கும் எளிய கருவியொன்றை விற்கலானார்.

கருவி எளிதாயிற்று, பொறுப்போ கடினமாயிற்று. பழைய கருமருந்து கூட்டை நிரப்பிவிடும். இருமடங்கு இட இடமிராது. 1884-இல் பிரெஞ்சு அறிஞர் பால் வியேல் கண்ட புகையற்ற மருந்தோ அதனினும் வலிமை மிக்கது. சில கூடுகளில் பாதியளவுகூட நிரம்பாது. கவனம் சிதறி ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்தால், மேலே குண்டை இருத்தியபின் அதைக் கண்டறிய இயலாது. துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். பற்றியவரின் கையும் கண்ணும் போகலாம்.

ஆதலின், தேர்ந்தவர் 50 குழிகள் கொண்ட மரப்பலகையில் கூடுகளை நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றின் வாயையும் உற்று நோக்கிய பின்னரே குண்டை இருத்துவர். மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பர். 7,000 கிரெயின் சேர்ந்தாலே ஒரு பவுண்டு! வேலை நடக்கையில் புகைபிடிப்பதில்லை, வீண்பேச்சுமில்லை.

நம் நாட்டிலோ, 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா செய்தல் குற்றமாகும். எனினும், இத்தொழில் புகட்டும் பாடம் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் மாணவருக்கும் உரியதே. கருவி எத்துணை எளிதாயினும், அளவையை மீண்டும் ஒருமுறை சரிபார்க்கும் கடமை மனிதனுடையது. அக்கடமையை எந்தக் கருவியும் அவனுக்காக ஏற்றுக்கொள்வதில்லை.