வாடையில்லாப் போதை



‘எங்கள் வீட்டில் மதுவின் வாடையே கிடையாது’ என்று பெருமையுடன் கூறும் குடும்பங்கள் தமிழ்ச் சமணரிடையே மிகுதி. அப்பெருமை நியாயமானதே. ஆயினும் இன்று இளைஞரைப் பற்றும் போதைகளுள் சில வாடையே இல்லாதவை. வலிநீக்கி மாத்திரைகள் அத்தகையன. டேபென்டடால் போன்றவை கடும் வலிக்கு மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே தரப்பட வேண்டியவை. அவற்றைப் பொடித்து நீரில் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் கொடுமை தமிழகத்திலும் பரவியிருப்பதை நாளிதழ்கள் அடிக்கடி தெரிவிக்கின்றன. மாத்திரையிலுள்ள கரையாப் பொருள்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கும். ஊசியைப் பலர் பகிர்ந்தாலோ எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் தொற்றும்.

2019இல் மைய அரசு வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர். முகர்ந்து போதை கொள்ளும் பழக்கமோ பெரியோரைவிடச் சிறுவரிடமே மிகுதி. 10 முதல் 17 வயதினருள் 1.17 விழுக்காடு, பெரியோருள் 0.58. பஞ்சர் ஒட்டும் பசை எந்தக் கடையிலும் கிடைப்பதல்லவா!

மதுவை விலக்கியதற்கு அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் காட்டும் காரணங்கள் இரண்டு. மதுவில் தோன்றும் எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிகின்றன என்பது ஒன்று. மது மனத்தை மயக்க, மயங்கியவன் அறத்தை மறந்து அஞ்சாது இம்சை புரிகிறான் என்பது மற்றொன்று. முதற்காரணம் மாத்திரைக்குப் பொருந்தாமற் போகலாம். இரண்டாவது முழுமையாகப் பொருந்தும். ஆகவே, ‘மதுவைத்தானே விலக்கச் சொன்னார்கள்’ என்னும் இளைஞர் வாதம் நில்லாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே. சீட்டின்றி மாத்திரை விற்கும் கடைக்காரர், அவர் எவராயினும், இரண்டாம் வகையினர்.

மூன்றாம் வகையில் பெற்றோரும் அறியாமல் சேர்ந்துவிடுகின்றனர். சிறிய சமூகம், செய்தி வெளிப்பட்டால் மகளின் சம்பந்தம் தடைப்படுமே என்று மகனின் நிலையை மறைக்கின்றனர். அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. ஆனால் மறைத்த மாதங்களில் மாத்திரையின் எண்ணிக்கை ஏறுகிறது. உடல் பழகப் பழக முன்னைய அளவு போதாமற் போகிறது. கிடைக்காத நாளில் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், தசைவலி, வயிற்றுப்போக்கு எனத் துன்பம் தொடர்கிறது. தாய் அதனைச் சளிக்காய்ச்சல் என்றெண்ணிக் கஷாயம் வைக்கிறாள்.

அறையில் பூட்டித் திருத்த முயல்வோரும் உளர். சில வாரங்கள் விலகியிருந்தால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். வெளிவந்தவன் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு அடங்கிவிடக்கூடும். மீண்டு வரும் காலமே மிகுந்த இடருடைய காலம் என்பதைப் பலர் அறியார். எனவே, மருத்துவர் தரும் புப்ரனார்பின் முதலிய மருந்துகளை ‘இதுவும் போதைதானே’ என்றெண்ணி வீட்டார் தாமே நிறுத்தலாகாது. எங்கே தொடங்குவது என்று திகைப்போர்க்கு மைய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446 உள்ளது. அழைப்புக்குக் கட்டணமில்லை.